பாட்டு வேண்டும், பாடியவர் வேண்டாமோ?

மண்ணைக் கடந்து, மதியைக் கடந்து, கதிரவனைச் சுற்றிவரும் கோள்களை எல்லாம் கடந்து, விண்மீன்களுக்கு இடையே விரிந்து கிடக்கும் வெட்டவெளியிலே சென்றுகொண்டிருக்கிறது ஒரு பெண்ணின் குரல்!

அரசியின் குரலன்று அது. அரங்கேறிப் புகழ் பெற்ற பாடகியின் குரலுமன்று. தென் அமெரிக்காவில், பெரு நாட்டு மலைப்பகுதியிலே பிறந்த ஓர் இளம்பெண்ணின் குரல். 38 நொடிகளே ஒலிக்கும் அந்தப் பாட்டுக்குத் திருமணப் பாட்டு என்று பெயர். ஆனால் அவள் மங்கலம் பாடவில்லை. விவரம் அறியாத வயதிலேயே தன்னை மணம் முடித்துத் தள்ளிவிட்டார்களே என்று முறையிடுகிறாள்!

1977ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டார் ஏவிய வாயேஜர் விண்கலங்கள் இரண்டிலும் பொன்முலாம் பூசிய செப்பு இசைத்தட்டு ஒவ்வொன்று இருக்கிறது. உலக மக்களின் இசையிலிருந்து 27 உருப்படிகளைத் தேர்ந்தெடுத்து அதிலே பதித்தனர். எங்கேனும், என்றேனும், எவரேனும் எடுத்துக் கேட்டால், மண்ணுலக மாந்தர் இத்தகையோர் என்று அறிந்துகொள்ளட்டும் என்பது அவர்தம் எண்ணம். கதிரவனின் காற்று வீசும் எல்லையை 2012இல் ஒரு கலமும் 2018இல் மற்றொரு கலமும் தாண்டிவிட்டன. அவை புராணத்துப் புட்பக விமானங்கள் அல்ல. மாந்தன் கணக்குப் போட்டு, கருவி செய்து, தவறு கண்டு திருத்தி அனுப்பிய கலங்கள். அதனாலேயே அவற்றின்மீது நமக்கு அளவு கடந்த பற்று.

அந்தப் பற்றினால்தான், ஒரு சனிக்கிழமை பிற்பகலில், நாம் பணிபுரியும் பள்ளியிலே பத்தாம் வகுப்பு மாணவரை அமரவைத்து, அந்தத் தட்டிலுள்ள பாடல்கள் சிலவற்றை ஒலிக்கச் செய்தோம். இசைத்தட்டுக்கும் ஊசிக்கும் ஊர் ஊராக அலைய வேண்டிய காலமா இது? கைப்பேசியிலே விரல் பட்டால் செனகல் முழவு முழங்குகிறது. காங்கோக் காட்டுச் சிறுமியரின் குரல் குலவுகிறது. பாட்டுக்குப் பாட்டு நாம் விளக்கம் சொன்னோம். பெருமிதத்தோடுதான் சொன்னோம், என்னவோ நாமே அவற்றைப் பெற்றெடுத்தவர் போல! பெருநாட்டுப் பெண்ணின் பாட்டு முடிந்தது. பின்வரிசை மாணவி ஒருத்தி எழுந்தாள்.

"ஐயா, பாடிய அந்த அக்காவின் பெயர் என்ன?"

பட்டியலைப் பார்த்தோம். பாக் இயற்றிய பிராண்டன்பர்க் இசைக்கோவை; வாசித்தது மியூனிக் பாக் இசைக்குழு; நடத்தியவர் கார்ல் ரிக்டர். பீத்தோவனின் ஐந்தாம் சிம்பொனி. நடத்தியவர் ஆட்டோ கிளெம்பரர். எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. இன்னும் கீழே வந்தோம். செனகல் முழவிசை, பதிவு செய்தவர் சார்லஸ் டுவெல். சயீர் நாட்டுச் சிறுமியரின் சடங்குப் பாட்டு. பதிவு செய்தவர் காலின் டர்ன்புல். பெரு நாட்டுத் திருமணப் பாட்டு. பதிவு செய்தவர் ஜான் கோஹன்.

பதிவு செய்தவர்! பதிவு செய்தவர்! பாடியவர் எங்கே?

கருவியைச் சுமந்து சென்றவருக்குப் பெயர் இருக்கிறது. கண்ணீரைப் பாட்டாக்கித் தந்தவளுக்குப் பெயர் இல்லை. பாக் செத்து 200 ஆண்டுகளுக்கு மேலாகியும் அவர் பெயர் விண்ணுக்குப் போகிறது. உயிரோடு எதிரே நின்று பாடியவள் 'பெரு நாடு' என்ற இரண்டு சொல்லோடு போகிறாள். அந்தப் பட்டியலில் நம் நாட்டுக் கேசர்பாய் கேர்க்கரின் பெயர் இருக்கிறது. பல்கேரியாவின் மலைப்பாடகி வால்யா பால்கன்ஸ்காவின் பெயரும் இருக்கிறது. இல்லை என்று சொல்லி மறைக்க மாட்டோம். ஆனால் அதனாலேயே நம் வினா கூர்மையாகிறது. எழுத இயலும் என்று காட்டிவிட்ட கை, மற்றவர்க்கு ஏன் எழுதாமல் நின்றது?

"தெரியவில்லை, அம்மா" என்றோம் மாணவியிடம். அவள் உட்கார்ந்துவிட்டாள். நமக்குத்தான் உட்கார முடியவில்லை.

நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னபோது அவர் சிரித்தார். "நாட்டார் பாட்டு என்றாலே பெயரற்றதுதானே! எவரோ தொடங்கினார், எவரோ தொடுத்தார், ஊரே சேர்ந்து முடித்தது. ஆற்று நீருக்கு உரிமையாளன் உண்டா? காற்றுக்குக் கையொப்பம் உண்டா?" என்றார். அழகான பேச்சு! நாமும் கல்லூரியிலே அப்படித்தான் படித்தோம். ஆசிரியர் பெயர் அறியப்படாமையே நாட்டார் பாடலின் முதல் இலக்கணம் என்று தேர்விலே எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறோம். அன்று வாங்கிய மதிப்பெண்ணை இன்று திருப்பித் தந்துவிட ஆசையாக இருக்கிறது. ஏன் என்று கேட்பீராயின், சாலமன் லிண்டாவின் கதையைக் கேளுங்கள்.

தென்னாப்பிரிக்காவில் நத்தால் பகுதியிலே 1909இல் பிறந்த சூலு இனத்தவர் லிண்டா. பிழைப்புக்காக ஜோகன்னஸ்பர்க் நகரம் வந்து, இசைத்தட்டு நிறுவனம் ஒன்றிலே கட்டுக் கட்டும் வேலை பார்த்தார். தோழர்களைச் சேர்த்துக்கொண்டு பாடுவது பொழுதுபோக்கு. 1939ஆம் ஆண்டு, அந்த நிறுவனத்தின் ஒலிப்பதிவுக் கூடத்திலேயே 'இம்பூபே' என்ற பாட்டைப் பதித்தார். இம்பூபே என்றால் சிங்கம் என்று பொருள். தோழர்கள் அடிக்குரலில் ஒரே அடியைத் திரும்பத் திரும்பப் பாட, அதன்மேலே லிண்டாவின் உச்சக்குரல் பருந்துபோல் வட்டமிடும். பாட்டு முடியும் தறுவாயில், எழுதி வைக்காத, ஒத்திகை பார்க்காத ஒரு மெட்டு அவர் தொண்டையிலிருந்து எழுந்தது. சில நொடிகளே நின்ற அந்த மெட்டுத்தான் பின்னாளில் உலகத்தின் வாயிலெல்லாம் புகுந்தது!

அந்தப் பாட்டுக்கு லிண்டாவுக்குக் கிடைத்த தொகை என்ன தெரியுமா, தோழர்களே? 10 ஷில்லிங்! உரிமை முழுவதும் நிறுவனத்துக்கு.

தட்டு ஆப்பிரிக்காவிலே விற்றது. பிறகு கடல் கடந்தது. நாட்டுப்பாடல் தொகுப்பாளர் ஆலன் லோமாக்ஸ் வழியாகப் பீட் சீகர் கைக்கு வந்தது. சூலு மொழி அறியாத சீகரின் காதிலே 'உயிம்பூபே' என்பது 'விமோவே' என்று விழுந்தது. அந்தப் பிழைச்சொல்லே தலைப்பாக, அவருடைய வீவர்ஸ் குழு 1951இல் பாடிப் பதித்தது. அடுத்த ஆண்டு அமெரிக்காவெங்கும் வெற்றி உலா வந்தது. இயற்றியவர் பெயர்? 'பால் கேம்ப்பெல்' என்று அச்சிட்டார்கள். அப்படி ஓர் ஆள் உலகத்திலேயே இல்லை. குழுவினர் தம்முள் வைத்துக்கொண்ட புனைபெயர் அது. இல்லாத ஆளுக்குப் பெயர் இருந்தது. இருந்த ஆளுக்கு இல்லை! 1961இல் டோக்கன்ஸ் என்ற குழு, லிண்டாவின் இறுதி மெட்டை எடுத்து ஆங்கிலச் சொற்களை ஏற்றிப் பாடியது. அமெரிக்க விற்பனைப் பட்டியலிலே முதலிடம்! அடுத்த ஆண்டே, 1962இல், லிண்டா வறுமையிலே மாண்டார். புதைத்த இடத்திலே கல் நாட்டுவதற்குக்கூடப் பல ஆண்டுகள் ஆயின.

1994இல் 'தி லயன் கிங்' என்ற படத்திலும் அந்தப் பாட்டு ஒலித்தது. உலகத்துக் குழந்தைகள் கைகொட்டிச் சிரித்தன. லிண்டாவின் பெண்மக்கள் சோவெட்டோவிலே வறுமையில் வாடினர். 2000ஆம் ஆண்டு தென்னாப்பிரிக்க எழுத்தாளர் ரியான் மாலன் கணக்கை விரித்து எழுதிய பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. வெள்ளையர் ஆட்சி தன் பேரரசு முழுமைக்கும் இயற்றிய 1911ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்திலே, ஆசிரியர் இறந்து 25 ஆண்டுகளுக்குப் பின் உரிமை வாரிசுகளுக்குத் திரும்பும் என்றொரு விதி உறங்கிக் கிடந்தது. அந்த விதியை எழுப்பி 2004இல் டிஸ்னி நிறுவனத்தின்மீது வழக்குத் தொடுத்தார்கள். 2006இல் இணக்கம் ஏற்பட்டது. பெயரும் வந்தது, பணமும் வந்தது. லிண்டா இறந்து 44 ஆண்டுகளுக்குப் பின்!

'ஆற்று நீருக்கு உரிமையாளன் உண்டா?' என்று கேட்ட நண்பரே, ஆற்று நீரைப் புட்டியில் அடைத்து விற்றவர் யார்? பொதுச்சொத்து, பொதுச்சொத்து என்கிறார்களே, விற்ற பணம் பொதுவிலே சேர்ந்ததா? எடுக்கும்போது மட்டும் பொது, விற்கும்போது தனியார்!

இதைச் செய்தவர் எல்லாரும் கயவர் என்றால் நம் வேலை எளிது, ஏசிவிட்டுப் போய்விடலாம். பீட் சீகர் உழைப்பாளர் பக்கம் நின்றவர். நிறவெறியை எதிர்த்தவர். அதற்காக வானொலியும் மேடையும் மறுக்கப்பட்ட கொடுமையைத் தாங்கியவர். லிண்டாவுக்கு 1,000 டாலர் அனுப்பச் செய்ததாகச் சொன்னார். வழக்கறிஞரை நியமித்து அவர் உரிமையை உறுதி செய்யாமல் போனேனே என்று பிற்காலத்தில் வருந்தவும் செய்தார். நல்லவரே! ஆயினும், நாட்டார் பாட்டுக்குப் பெயர் கிடையாது என்று நமக்குக் கல்லூரி ஊட்டிய அதே நம்பிக்கையை அவரும் விழுங்கியிருந்தார். நல்லவர் கண்ணையும் மறைக்கும் நம்பிக்கை, கெட்டவன் கையிலுள்ள கத்தியைவிடக் கொடியது.

வேறு வழி இல்லாமலா போயிற்று? அங்கேரி நாட்டு பேலா பார்டோக்கைப் பாருங்கள். 1904ஆம் ஆண்டுக் கோடையிலே, ஒரு வீட்டுப் பணிப்பெண் குழந்தைக்குப் பாடிய பாட்டு அவர் காதில் விழுந்தது. அதுவரை நகரத்து விடுதி இசையையே நாட்டிசை என்று நம்பியிருந்தவர் திடுக்கிட்டார். அந்தப் பெண்ணின் பெயர் லிடி டோசா. ஆம், பெயர் நமக்குத் தெரிகிறது! பிறகு எடிசனின் ஒலிப்பொறியைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகச் சென்றார். சுலோவாக்கியர், ருமேனியர், 1913இல் அல்ஜீரியாவின் அரபியர், 1936இல் துருக்கியர் என எல்லாரிடமும் மெழுகு உருளையிலே பாட்டுப் பிடித்தார். ஏட்டிலே மெட்டை எழுதினார். பக்கத்திலேயே ஊர், ஆண்டு, பாடியவர் பெயர், வயது குறித்தார். நூறு ஆண்டுக்கு முன், சேற்றுப் பாதையிலே வண்டியில் போனவரால் அது முடிந்தது. கைப்பேசியில் வானளாவிய சேமிப்பறை வைத்திருக்கும் நம் காலத்தவர், 'பாரம்பரியப் பாடல்' என்று ஒற்றைச் சொல்லை ஒட்டிவிட்டு நகர்கிறார்கள்.

அதே பார்டோக், 1942இல் இசையில் இனத்தூய்மை பற்றிக் கட்டுரை எழுதி, மெட்டுகள் எல்லை தாண்டிக் கலந்ததனாலேயே வளமுற்றன என்று சொன்னார். இட்லர் ஐரோப்பாவைத் தூய்மைப்படுத்திக்கொண்டிருந்த ஆண்டு அது! இதற்கு நேர்மாறாக, இங்கிலாந்தின் செசில் ஷார்ப் 1916 முதல் 1918 வரை அமெரிக்க அப்பலாச்சிய மலைகளில் 46 வாரம் அலைந்து 1,600க்கு மேற்பட்ட மெட்டுகளைத் திரட்டினார். பழைய ஆங்கிலேயப் பாட்டைத் தேடிச் சென்ற அவர், அதே மலைகளில் வாழ்ந்த கறுப்பின மக்களைப் பெரும்பாலும் கேட்காமலே கடந்தார். அந்த மலைநாட்டுக் கருவியாக இன்று போற்றப்படும் பாஞ்சோவைக் கொண்டுவந்தது ஆப்பிரிக்க அடிமைகள் அன்றோ! தூய்மை தேடுவோர்க்குக் காதும் பாதி கேட்கும்.

இன்னொரு மயக்கமும் உண்டு. பல்கேரிய வானொலிப் பெண்கள் பாடகர் குழுவின் பாடல்களைச் சுவிட்சர்லாந்தின் மார்செல் செல்லியே 1975இல் இசைத்தட்டாக வெளியிட்டார். என்ன தலைப்பு? 'பல்கேரியக் குரல்களின் மர்மம்!' மேலைநாட்டார் மெய்சிலிர்த்தனர். 1990இல் அதன் இரண்டாம் தொகுதிக்குக் கிராமி விருதும் தந்தனர். மர்மமாவது மண்ணாங்கட்டியாவது! சிற்றூர்களிலே வளர்ந்த பெண்கள், வயல்வெளியிலே ஒருவரை ஒருவர் கூவியழைத்துப் பழகிய திறந்த தொண்டையால் பாடுகிறார்கள். அருகருகே உள்ள இரு சுரங்களை ஒரே நேரத்தில் ஒலித்து, அவை உரசும் அதிர்வை அழகாக்குகிறார்கள். ஏழும் பதினொன்றுமாகத் தாளம் எண்ணுகிறார்கள். அந்த ஏழை நம் மாணவர்க்குத் 'தகிட தகதிமி' என்று சொல்லிக் கொடுத்தால் இரண்டே நிமிடத்தில் தட்டிவிடுகிறார்கள். பிலிப் குட்டெவ் போன்ற இசையமைப்பாளர்கள் ஊர்ப்பாட்டைக் குழுப்பாட்டாக்கினார்கள். பயிற்சி, உழைப்பு, கணக்கு! இதிலே மர்மம் எங்கிருந்து வந்தது? விளக்கம் தேடச் சோம்பியவன் வானத்தைப் பார்த்து வைத்த பெயர்கள் நமக்குப் புதியனவா என்ன?

பெயரும் பணமும் மட்டுமா செய்தி? அதனினும் ஆழமாக ஒரு புண் இருக்கிறது. அதற்குப் பெயர் பிறப்பு.

மேற்கு ஆப்பிரிக்காவின் மாலி நாட்டிலே 'ஜெலி' என்றொரு பிரிவினர். கோரா என்னும் நரம்புக்கருவி மீட்டி, அரசர் வரலாறு பாடுவோர். உலக இசை விழாக்களில் அவர் கோராவுக்கு ஒன்றரை மணி நேரம் கைதட்டுகிறார்கள். ஆனால் அது பிறப்பால் வரும் தொழில். கொல்லரும் தோல்வினைஞரும் போலத் தனித்து வைக்கப்பட்ட கூட்டம் அது. மேற்குலத்தார் அவரோடு மணவுறவு கொள்ளார். பக்கத்துச் செனகலிலோ, செரேர் மக்களிடையே, பாணன் இறந்தால் மண்ணிலே புதைக்க மாட்டார்கள். புதைத்தால் நிலம் மலடாகிவிடுமாம்! பெருக்கமரத்துப் பொந்துக்குள்ளே பிணத்தைச் செருகினார்கள். வாழும்போது அவன் நாவிலே தம் குலப்பெருமை வேண்டும். மாண்டபின் அவன் உடம்புக்கு ஆறடி மண் கிடையாது! 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை நீடித்த கொடுமை இது.

இந்தச் சங்கிலிக்கு மறுமுனையும் உண்டு. மாலிப் பேரரசை நிறுவிய சுஞ்சாட்டாவின் வழியிலே 1949இல் பிறந்தவர் சாலிப் கெய்ட்டா. ஆசிரியராக விரும்பினார், வெண்தோலோடு வந்த பார்வைக் குறையைக் காட்டி மறுத்துவிட்டார்கள். (நம் கூட்டத்தார் இழந்த ஆசிரியர் அவர்!) பாடப் போனார். குடும்பம் குமுறியது. அரச குலத்தான் பாடுவதா, அது பாணன் தொழிலாயிற்றே என்று! தலைநகர் பமாக்கோவின் தெருவிலும் மதுவிடுதியிலும் பாடிப் பிழைத்து, பிறகு உலகப் புகழ் பெற்றார். ஒருவன் பாடியே தீரவேண்டும், மற்றொருவன் பாடவே கூடாது. இரண்டையும் விதித்தது ஒரே சட்டம்.

சப்பானிலும் இதே கதை. கோயில் விழாவிலே முழங்கும் தைக்கோ முரசுக்கு மாட்டுத்தோல் வேண்டும். தோலைத் தொட்டுப் பதப்படுத்தியவர் தீட்டுடையோர் என்று ஒதுக்கப்பட்ட மக்கள், புராக்குமின் என்பர். 1871இல் அரசாணை அந்த இழிவை ஒழித்தது. ஆணை ஏட்டிலே நின்றது, இழிவு வீட்டு வாசல் வரை வந்தது. மேடையிலே முரசறைவோர் உலகம் சுற்றிப் புகழ் குவித்தனர். முரசு செய்தவர் மறைவிலேயே இருந்தனர். ஒசாக்கா நகரின் நனிவா, தலைமுறை தலைமுறையாக முரசு செய்வோர் வாழும் பகுதி. அங்குள்ள இளைஞர் 1987இல் தாமே ஒரு முரசுக் குழுவை அமைத்தனர். குழுவுக்கு அவர் வைத்த பெயர் 'இக்கரி'. சினம் என்று பொருள்! செய்த கையே அறையவும் எழுந்தபோது, அந்த ஓசைக்கு வேறு என்ன பெயர் பொருந்தும்?

இதைப் படித்ததும் பறையின் நினைவு வராத தமிழர் இருக்க மாட்டார். ஒரு கருவியின் பெயரை ஒரு மக்கள்மேல் சுமத்தி, அந்தச் சொல்லை ஆங்கில மொழிக்கே 'தீண்டத்தகாதவன்' என்ற பொருளில் ஏற்றுமதி செய்த நாடு நம்முடையது. நமக்கும் வந்தது அந்த நினைவு. வந்ததும் நாம் செய்த தவற்றைச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை முடிக்கக்கூடாது.

முரசுக் கதையை வகுப்பிலே சொல்லிக்கொண்டிருந்தபோது, மூன்றாம் வரிசையிலிருந்த மாணவன் ஒருவனைப் பார்த்து, "உன் தாத்தா பறை அடிப்பாரல்லவா? அடுத்த சனிக்கிழமை கொண்டு வந்து வாசித்துக் காட்டேன்" என்று உற்சாகத்தோடு சொல்லிவிட்டோம். பாராட்டு என்றுதான் எண்ணினோம். அவன் தலை குனிந்தது. வகுப்பு முடிந்ததும் தனியே வந்தான். "தாத்தாவோடு அது போகட்டும் என்று அப்பா சொல்லியிருக்கிறார், ஐயா" என்றான்.

மாலியிலும் ஒசாக்காவிலும் பிறப்புச் சட்டத்தைக் கண்டு கொதித்த நாம், நம் வகுப்பறையிலே அதே சட்டத்தைச் சிரித்த முகத்தோடு நடத்தினோம்! நாற்பது மாணவரில் அவனை மட்டும் ஏன் கேட்டோம்? எல்லாரையும் கேட்டிருக்கலாம், கற்க விரும்புவோர் கை தூக்கச் சொல்லியிருக்கலாம். இன்று பறையை விடுதலைக் கருவியாகக் கையிலெடுத்து, எந்தச் சாவு வீட்டுக்கும் ஏவலுக்குப் போகாமல், தலை நிமிர்ந்து அடிக்கும் இளைஞர் இருக்கிறார்கள், இளம்பெண்கள் இருக்கிறார்கள். அவர்களை வணங்குகிறோம். இனி இந்தக் குச்சியைத் தொடமாட்டேன் என்று வீசியவர்களும் இருக்கிறார்கள். அவர்களையும் வணங்குகிறோம். எடுப்பதும் விடுப்பதும் அவரவர் உரிமை. 'கலை அழிகிறதே' என்று வீசியவரிடம் போய் ஒப்பாரி வைப்போர், தம் பிள்ளையை அனுப்பிக் கற்க வைக்கட்டும். கற்பித்த பெரியவருக்கு நாற்காலி போட்டு, ஊதியமும் கொடுக்கட்டும்.

மாணவனிடம் மன்னிப்புக் கேட்டோம். அவன் பெயரை இங்கே எழுதவில்லை. அதை எங்கே, எதற்காகச் சொல்வது என்பது அவன் விருப்பம்.

அடுத்த சனிக்கிழமை அவன் வந்தான். பறை கொண்டு வரவில்லை. ஒரு துண்டுத்தாள் கொண்டு வந்தான். வாயேஜர் தட்டிலே வால்யா பால்கன்ஸ்கா பாடுகையில் பின்னணியில் ஆட்டுத்தோல் துருத்திக்குழல் இரண்டு ஒலிக்குமே, அவற்றை ஊதியவர் பெயர் பட்டியலில் இல்லையே என்று தேடிப் பார்த்தானாம். நம்மிடம் கேட்கவில்லை, நேரே கரும்பலகைக்குப் போய், பாடகியின் பெயருக்குக் கீழே எழுதினான்: லாசர் கனெவ்ஸ்கி, ஸ்டெபான் ஜாக்மானோவ். எழுதிவிட்டு, "இப்போது பாட்டைப் போடுங்கள், ஐயா" என்றான்.